ஸ்டாட்1 ஆன்டிபாடி வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை தேடுவது எப்படி

ஸ்டாட்1 என்பது இன்டர்ஃபெரான் என்ற சைகைப் புரதம் கொண்டுவரும் செய்தியை செல்லின் நியூக்ளியஸுக்குக் கடத்தும் புரதம். அதைத் தேடும் வெஸ்டர்ன் பிளாட் சரியாக வராவிட்டால் முதல் பழி ஆன்டிபாடி மேல்தான் விழும். அடுத்த நாளே வேறொரு ஆன்டிபாடி ஆர்டர் ஆகிவிடும். அது வந்து சேர்ந்ததும் பிளாட் மறுபடி அதே மாதிரி வரும். பிரச்சினை குப்பியில் இல்லையே, லைசேட்டில் (செல்லை உடைத்து எடுத்த கரைசலில்) அல்லவா இருந்தது! மோசமான ஆன்டிபாடிகளும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டாட்1 மாதிரி சில நிமிடங்களுக்கு மட்டும் நிலை மாறி நிற்கும் புரதத்தில், செல்லையும் நேரத்தையும் விசாரித்த பிறகுதான் ஆன்டிபாடியிடம் போக வேண்டும்.

பின்னணி சுருக்கமாக. இன்டர்ஃபெரான் ஏற்பியில் வந்து அமர்ந்ததும் ஜாக் கைனேஸ்கள் ஸ்டாட்1-இன் 701-ஆவது டைரோசினில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. இன்டர்ஃபெரான் காமா என்றால் இரண்டு ஸ்டாட்1 ஜோடி சேரும். ஆல்ஃபா, பீட்டா என்றால் ஸ்டாட்2, ஐஆர்எஃப்9 இரண்டோடும் சேர்ந்து ஒரு கூட்டு உருவாகும். எதுவானாலும் அடுத்த நிறுத்தம் நியூக்ளியஸ். ஆய்வகத்து ஃபிரீசரில் பொதுவாக மூன்று வகை ஆன்டிபாடி இருக்கும்: மொத்த ஸ்டாட்1-ஐப் பிடிப்பது, பாஸ்பேட் ஏறிய டைரோசின் 701-ஐ மட்டும் பிடிப்பது, பாஸ்பேட் ஏறிய செரின் 727-ஐப் பிடிப்பது. குழப்பத்தில் பெரும்பகுதி இரண்டாவது வகையில்தான்.

எதற்கும் முன்னால்: நான்கு லேன்

எந்த அறிகுறியோடு வந்தாலும் முதலில் ஒரு சின்ன ஜெல் ஓட்டுங்கள். ஹீலா செல் போதும். முதல் லேனில் தூண்டாத செல். இரண்டாவதில் மனித இன்டர்ஃபெரான் காமா, மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம், 20 முதல் 30 நிமிடம். மூன்றாவதில் அதே தூண்டல், ஆனால் முன்கூட்டியே ருக்ஸோலிட்டினிப் கொடுத்து ஜாக்1, ஜாக்2 இரண்டையும் அடக்கிய செல். நான்காவதில் ஸ்டாட்1 இல்லாத செல்லைத் தூண்டி எடுத்த லைசேட். மனித ஃபைப்ரோசார்கோமா வழியில் வந்த யு3ஏ செல்கள் இதற்காகவே பல காலமாகப் பயன்படுகின்றன. நாக்அவுட் செல் இருந்தால் அதுவும் சரிதான்.

பாஸ்போ ஆன்டிபாடி இரண்டாவது லேனில் மட்டும் பேண்ட் காட்ட வேண்டும். மொத்த ஸ்டாட்1 ஆன்டிபாடி முதல் மூன்றிலும் காட்டி, நான்காவதில் ஒன்றுமே காட்டக்கூடாது. இது சரியாக வந்துவிட்டால் ஆன்டிபாடி நிரபராதி, உங்கள் சாம்பிளைத் துருவுங்கள். வராவிட்டால் கீழே பொருத்தமான அறிகுறிக்குப் போங்கள். இந்த லைசேட்டைக் கொஞ்சம் அதிகமாகவே தயாரித்து, சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிட்டால் பிற்பாடு பல முறை கை கொடுக்கும்.

மொத்த ஸ்டாட்1 நன்றாக வருகிறது, பாஸ்போ பேண்ட் மட்டும் காணோம்

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். காரணங்களும் நிறைய.

நேரத்தில் தொடங்குங்கள். டைரோசின் 701-இன் பாஸ்பேட் 15 முதல் 30 நிமிடத்தில் உச்சம் தொடும். அப்புறம் நியூக்ளியஸில் இருக்கும் டிசி45 என்ற பாஸ்படேஸ் அதைக் கழற்ற ஆரம்பிக்கும், இன்னொரு பக்கம் சாக்ஸ்1 என்ற தடுப்புப் புரதம் உருவாகி ஜாக்கையே கட்டிப்போடும். 24 மணி நேரம் இன்டர்ஃபெரான் கொடுத்துவிட்டுப் பாஸ்போ பேண்ட் தேடினால், திருவிழா முடிந்த பிறகு தேரைத் தேடிய கதைதான். 0, 15, 30, 60, 120 நிமிடம் என்று ஒரு தொடர் ஓட்டிப் பாருங்கள். செல்லுக்குச் செல் வளைவு கொஞ்சம் மாறும்.

அடுத்து, எந்த உயிரினத்தின் இன்டர்ஃபெரான்? மனித இன்டர்ஃபெரான் காமா எலி செல்லில் வேலை செய்யாது, எலியினுடையது மனித செல்லில் வேலை செய்யாது. ஏற்பி அவ்வளவு கறாரானது. பக்கத்து மேசையில் கடன் வாங்கிய குப்பியில் எந்த இனம் என்று எழுதியிருக்கிறது என்பதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். பலமுறை உறைந்து உருகிய குப்பியையும், பிஎஸ்ஏ போன்ற துணைப்புரதம் சேர்க்காமல் மிகவும் நீர்த்துப்போன நிலையில் வைத்திருந்த குப்பியையும் நம்ப வேண்டாம். புரதம் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும்.

செல் சரி, நேரம் சரி, இன்டர்ஃபெரானும் சரி என்றால் லைசேட் எடுத்த விதத்தைப் பாருங்கள். செல் உடைந்த நொடியிலிருந்து பாஸ்படேஸ்களுக்குக் கொண்டாட்டம். தட்டை நேரே ஐஸ் மேல் வைத்து, குளிர்ந்த பஃபரால் ஒரே கழுவு, உடனே லைசிஸ் பஃபர். ட்ரிப்சின் போட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, ஓய்வாக உடைப்பதெல்லாம் இந்தப் புரதத்துக்கு ஆகாது.

பாஸ்படேஸ் தடுப்பான் போட்டேனே என்பீர்கள். எந்தத் தடுப்பான்? சோடியம் ஃபுளூரைடும் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் செரின், த்ரியோனின் பக்கத்தைத்தான் காக்கும். டைரோசினுக்கு ஆர்த்தோவனடேட் வேண்டும். கடையில் வாங்கும் கலவைகளிலும் டைரோசினுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என்று தனித்தனியாக விற்பதுண்டு, அதனால் லேபிளைப் படியுங்கள். வனடேட்டை நீங்களே கரைத்து வைத்தது என்றால் அதைச் செயல்பட வைக்கும் படியைச் செய்தீர்களா என்பது முக்கியம். கரைசலின் பிஎச் 10-க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாக இருக்கும். கொதிக்க வைத்தால் நிறம் போய்த் தண்ணீர் போலத் தெளியும். ஆறிய பிறகு மறுபடி பிஎச் பாருங்கள், இறங்கியிருந்தால் 10-க்கு ஏற்றி, மஞ்சள் தலைகாட்டினால் மறுபடி கொதிக்க வையுங்கள். ஆறியும் பிஎச் 10-இல் நிறமில்லாமல் நின்றால்தான் வேலை முடிந்தது. மஞ்சளாகவே எடுத்துப் பயன்படுத்தினால், வனடேட் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட நிலையில் இருக்கும், பாஸ்படேஸைத் தடுக்காது. இன்னொன்று: இடிடிஏ, டிடிடி இரண்டும் வனடேட்டின் வீரியத்தைக் கெடுக்கும். லைசிஸ் பஃபர் செய்முறையில் மூன்றும் ஒன்றாக இருந்தால் யாரோ யோசிக்காமல் எழுதியது என்று அர்த்தம்.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. 30 நிமிடத்தில் பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்1-இல் பெரும்பங்கு நியூக்ளியஸுக்குள் போயிருக்கும். நீங்கள் என்பி-40 மட்டும் உள்ள மென்மையான பஃபரில் செல்லை உடைத்து, சுற்றி, மேலே நிற்கும் நீரை எடுத்துவிட்டு வண்டலைக் கொட்டிவிட்டால் தேடிய புரதத்தையும் சேர்த்துக் கொட்டியதாகிவிடும். மொத்த ஸ்டாட்1 சைட்டோபிளாசத்தில் நிறைய இருப்பதால் அந்தப் பேண்ட் ஜம்மென்று வந்து உங்களை ஏமாற்றும். ரிப்பா பஃபரோடு கொஞ்சம் சோனிகேஷன் சேர்த்தால் சரியாகும். அதைவிட எனக்குப் பிடித்தது, தட்டிலேயே சூடான எஸ்டிஎஸ் சாம்பிள் பஃபரை ஊற்றிச் சுரண்டி எடுப்பது. பாஸ்படேஸ் எல்லாம் அந்த இடத்திலேயே செத்துப்போகும், நியூக்ளியஸும் கரையும். டிஎன்ஏவால் சாம்பிள் கஞ்சி மாதிரி கொழகொழக்கும், சோனிகேட்டரில் சில விநாடி வைத்தால் அடங்கிவிடும். புரத அளவு பார்ப்பது சற்றுத் தொல்லை, எஸ்டிஎஸ் தாங்கும் முறையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசியாகத்தான் பிளாக்கிங், அதாவது ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மெம்பிரேனின் காலி இடங்களை மூடுவது. பால் பவுடரில் இருக்கும் கேசீன் தானே ஒரு பாஸ்போ புரதம் என்பதால் 5 சதவீத பிஎஸ்ஏ-க்கு மாறச் சொல்வார்கள். மாறிப் பாருங்கள், செலவில்லாத சோதனை. ஆனால் பேண்ட் சுத்தமாக இல்லாமல் போனதற்குப் பால்தான் காரணம் என்று நம்பி மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிடாதீர்கள்.

தூண்டாத செல்லிலும் பாஸ்போ பேண்ட் பளிச்சென்று வருகிறது

இரண்டே வழி: செல் உண்மையிலேயே தூண்டப்பட்டிருக்கிறது, அல்லது ஆன்டிபாடி பாஸ்பேட்டைப் பார்க்காமல் வேறெதையோ பிடிக்கிறது. ருக்ஸோலிட்டினிப் லேன் உடனே பிரித்துக் காட்டிவிடும். மருந்து கொடுத்ததும் பேண்ட் மறைந்தால் அது நிஜமான சிக்னல்.

நிஜம் என்றால் இன்டர்ஃபெரான் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். முந்தைய நாள் செல்லுக்குள் பிளாஸ்மிட் ஏற்றினீர்களா? சைட்டோபிளாசத்தில் டிஎன்ஏ கிடந்தால் சிகேஸ் என்ற உணரிப் புரதம் அதைக் கண்டுகொண்டு ஸ்டிங் என்ற இன்னொரு புரதம் வழியாக இன்டர்ஃபெரான் பீட்டாவை உண்டாக்கும். அது வெளியே வந்து அதே செல்லின் ஏற்பியில் ஒட்டும். ஸ்டாட்1-க்கு ஏற்றிய பிளாஸ்மிட் எதுவென்று தெரியாது, காலி வெக்டரும் அதைக் கிளப்பிவிடும். அதனால் காலி வெக்டர் கன்ட்ரோலை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிடாமல், எதுவுமே ஏற்றாத செல்லையும் ஒரு லேனில் போடுங்கள். மைக்கோபிளாஸ்மா தொற்றும் செல்லின் நோயெதிர்ப்புச் சிக்னல்களைக் குழப்பக்கூடியது, அதற்கும் ஒரு சோதனை.

மேக்ரோஃபேஜ் என்றால் எல்பிஎஸ் (சில பாக்டீரியாக்களின் வெளியுறைப் பொருள்) மேல் கண் வையுங்கள். பாக்டீரியாவில் தயாரித்த புரதத்தோடு ஒட்டிவரும் கொஞ்சம் எல்பிஎஸ் போதும். அது ஸ்டாட்1-ஐ நேரடியாகத் தொடாது. முதலில் இன்டர்ஃபெரான் பீட்டா உருவாகி, அது சுரந்து, பிறகுதான் டைரோசின் 701-க்கு வரும். ஆகவே 30 நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் இரண்டு மணி நேரம் கழித்துப் பேண்ட் எழுந்தால் இடையில் இன்டர்ஃபெரான் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். டைப் 1 இன்டர்ஃபெரான் ஏற்பியை அடைக்கும் ஆன்டிபாடி கொடுத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

மருந்து கொடுத்தும் பேண்ட் அசையவில்லை என்றால் ஆன்டிபாடியைச் சந்தேகிக்கலாம். லாம்டா பாஸ்படேஸ் போட்டுப் பாருங்கள். டைரோசின், செரின், த்ரியோனின் எல்லாவற்றிலிருந்தும் பாஸ்பேட்டைக் கழற்றும். அதற்கு மாங்கனீஸ் தேவை. லைசேட்டில் இடிடிஏவோ பாஸ்படேஸ் தடுப்பானோ இருந்தால் அது வேலை செய்யாது. அப்படிப்பட்ட லைசேட்தான் கையில் இருக்கிறது என்றால் பிளாக் செய்த மெம்பிரேன் துண்டையே நொதியில் ஊற வைக்கலாம். கழற்றிய பிறகும் பேண்ட் அப்படியே நின்றால் அந்த ஆன்டிபாடிக்குப் பாஸ்பேட்டைப் பற்றிய அக்கறை இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பக்கத்து உறவினரான ஸ்டாட்3 இடையே புகுவதும் உண்டு. அதன் டைரோசின் 705-ஐச் சுற்றியுள்ள வரிசை ஸ்டாட்1-இன் 701-ஐச் சுற்றியுள்ளதற்கு ஓரளவு ஒத்திருக்கும், எடையும் கிட்டத்தட்ட அதே இடம். ஐஎல்-6 என்ற சைகைப் புரதம் கொடுத்த செல்லில் பாஸ்போ ஸ்டாட்1 பார்ப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஐஎல்-6 ஸ்டாட்1-ஐயும் ஓரளவு கிளப்பும் என்பதால், ஸ்டாட்1 இல்லாத செல் இருந்தால்தான் தீர்ப்பு சொல்ல முடியும்.

ஒரு பேண்டுக்குப் பதில் இரண்டு

91, 84 கிலோடால்டன் என்றால் பதற வேண்டாம். முதலாவது ஆல்ஃபா, 750 அமினோ அமிலம். இரண்டாவது பீட்டா, 712. இன்டர்ஃபெரான் ஆராய்ச்சியின் ஆரம்ப நாட்களில் இவை பி91, பி84 என்றே அழைக்கப்பட்டன. பீட்டாவில் கடைசி 38 அமினோ அமிலம் இல்லை, அந்தத் துண்டோடு செரின் 727-உம் போய்விடுகிறது. எனவே செரின் 727 ஆன்டிபாடியும், அந்தக் கடைசித் துண்டை வைத்துத் தயாரித்த மொத்த ஸ்டாட்1 ஆன்டிபாடியும் மேல் பேண்டை மட்டுமே காட்டும். நடுப்பகுதியையோ முன்பகுதியையோ பிடிப்பது இரண்டையும் காட்டும். இரண்டு ஆய்வகத்தின் பிளாட் ஒத்துப்போகவில்லை என்று சண்டை வந்தால் முதலில் எந்தப் பகுதியை வைத்துத் தயாரித்த ஆன்டிபாடி என்று இருவரும் தரவுத்தாளைப் பார்த்தால் போதும்.

10 சதவீத ஜெல்லில் இரண்டும் ஒட்டிக்கொண்டு தடிமனான ஒரே பேண்டாகத் தெரியலாம். 7.5 அல்லது 8 சதவீதத்தில் கொஞ்சம் நீளமாக ஓட்டினால் பிரியும்.

செத்துக்கொண்டிருக்கும் செல் என்றால் காஸ்பேஸ் என்ற புரதம் வெட்டும் நொதி 694-ஆவது இடத்தில் ஸ்டாட்1-ஐ வெட்டும். 701 அந்த வெட்டுக்கு அப்பால் இருப்பதால், மொத்த ஸ்டாட்1-இல் மட்டும் கீழே ஒரு பேண்ட் கூடி, பாஸ்போ பிளாட்டில் அது தெரியாமல் போகும். எலியின் மண்ணீரல் போன்ற திசு லைசேட்டில் 50, 25 கிலோடால்டனில் தெரிவது பெரும்பாலும் திசுவில் இருக்கும் எலி இம்யூனோகுளோபுலின், எலி ஆன்டிபாடியைப் பயன்படுத்தினால் இரண்டாம் ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்ளும். முயல் ஆன்டிபாடிக்கு மாறினால் போய்விடும்.

மொத்த ஸ்டாட்1 லேனுக்கு லேன் ஏறுகிறது

லோடிங் தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டாட்1 மரபணுவே இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் ஒன்று. ஒரு நாள் இன்டர்ஃபெரானில் கிடந்த செல்லில் மொத்த அளவு நன்றாகவே கூடும். லோடிங் கன்ட்ரோலாக வைக்கும் ஆக்டின் புரதம் சமமாக இருந்து ஸ்டாட்1 ஏறினால் அதுதான் நிஜம். இதனால்தான் நீண்ட நேரச் சோதனைகளில் மொத்த ஸ்டாட்1-ஐ லோடிங் கன்ட்ரோலாக வைக்கக் கூடாது, பாஸ்போவை ஆக்டினோடு மட்டும் ஒப்பிடவும் கூடாது. மூன்றையும் காட்டுங்கள். ஸ்டாட்1 அதிகமாக இயங்கும் மரபணு மாற்றம் உள்ள நோயாளிகளின் செல்களிலும் பாஸ்போ கூடியதா, மொத்தமே கூடியதா என்ற கேள்வி முக்கியமாக வந்து நிற்பது இதே காரணத்தால்.

பாஸ்போவும் மொத்தமும் ஒரே உயரத்தில் ஓடும். ஒரே மெம்பிரேனை ஸ்ட்ரிப் செய்து மறுபடி போட்டால் பழைய சிக்னல் மிச்சம் இருக்கிறதா என்பதே தெரியாது. முயல் பாஸ்போ, எலி மொத்தம் என்று எடுத்து இரண்டு நிற ஃபுளூரசன்ஸில் பார்ப்பது சுத்தமான வழி. அந்த வசதி இல்லையென்றால் அதே லைசேட்டை இரண்டு ஜெல்லில் ஓட்டுங்கள்.

எதுவுமே வரவில்லை, அல்லது பேண்ட் வெள்ளையாக இருக்கிறது

இதில் ஸ்டாட்1-க்கென்று சிறப்பு எதுவும் இல்லை. பொன்சோ சாயம் போட்டு டிரான்ஸ்ஃபர் நடந்ததா பாருங்கள். பிவிடிஎஃப் மெம்பிரேனை மெத்தனாலில் நனைத்தீர்களா? எச்ஆர்பி (ஒளி உண்டாக்கும் நொதி) ஒட்டிய ஆன்டிபாடியை சோடியம் அசைடு உள்ள பஃபரில் கலந்தீர்களா? அசைடு எச்ஆர்பியை முடக்கிவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பேண்ட் என்றால் அந்த இடத்தில் எச்ஆர்பி அளவுக்கு மீறிச் சேர்ந்து சப்ஸ்ட்ரேட்டைத் தின்று தீர்த்துவிட்டது. இரண்டாம் ஆன்டிபாடியை இன்னும் நீர்க்கச் செய்யுங்கள்.

பிளாட்டில் வருகிறது, ஃப்ளோவில் (ஃப்ளோ சைட்டோமெட்ரி) வரவில்லை

பாஸ்பேட் ஏறிய டைரோசின் 701, ஜோடியில் இருக்கும் எதிர்ப்பக்கத்து ஸ்டாட்1-இன் எஸ்எச்2 பகுதிக்குள் செருகிக்கொண்டு கிடக்கிறது. பிளாட்டில் எஸ்டிஎஸ் அதைப் பிரித்துவிடுகிறது. ஃப்ளோவில் அதைத் திறக்க வேண்டியது நம் பொறுப்பு. சப்போனின் போன்ற மென்மையான துளைப்பான் போதாது. ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, ஐஸ் போல் குளிர்ந்த 90 சதவீத மெத்தனாலில் வையுங்கள்.

மெத்தனால் வந்ததும் அடுத்த தலைவலி. பிஇ, ஏபிசி இரண்டும் புரதச் சாயங்கள், மெத்தனாலில் உருக்குலைந்துவிடும். மேற்பரப்பு மார்க்கர்களை முன்கூட்டியே சாயமிட வேண்டுமென்றால் மெத்தனால் தாங்கும் சிறிய சாயங்களில் எடுங்கள். மெத்தனாலுக்குப் பிறகு சாயமிடலாம் என்றால் அந்த மார்க்கரின் ஆன்டிபாடி அதற்குப் பிறகும் பிடிக்கிறதா என்று தனியாகச் சோதியுங்கள். சில பிடிக்காது.

ரத்த வெள்ளணுக்களில் இன்டர்ஃபெரான் காமா கொடுத்து டி செல்லில் சிக்னல் இல்லையே என்று வருந்துபவர்கள் அதே குழாயில் மோனோசைட்டைப் பார்க்கட்டும். அங்கே வலப்பக்கம் நன்றாக நகர்ந்திருந்தால் ஆன்டிபாடியும் சரி, முறையும் சரி. ஓய்வில் இருக்கும் டி செல் இன்டர்ஃபெரான் காமாவுக்கு அவ்வளவாக அசையாது. இன்டர்ஃபெரான் ஆல்ஃபா கொடுத்தால் அசையும்.

எதிர்த் திசையில் ஒரு பொறி. இரவு முழுக்க இன்டர்ஃபெரான் காமாவில் வைத்த மோனோசைட்டில் சிக்னல் கூடியிருக்கிறது என்று மகிழ்வதற்கு முன், இன்டர்ஃபெரான் காமா சிடி64 என்ற எஃப்சி ஏற்பியையே கூட்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஏற்பி கூடினால் எந்த ஆன்டிபாடியும் வால் பக்கமாக ஒட்டிக்கொள்ளும். எஃப்சி பிளாக் போடுங்கள், ஐசோடைப்பையும் (ஸ்டாட்1-ஐப் பிடிக்காத, அதே வகை ஒப்பீட்டு ஆன்டிபாடி) தூண்டிய செல்லிலேயே ஓட்டுங்கள். தூண்டாத செல்லில் ஓட்டிய ஐசோடைப் இங்கே எதையும் சொல்லாது.

நுண்ணோக்கியில் எல்லா செல்லும் ஒளிர்கிறது

தூண்டாத செல்லில் மொத்த ஸ்டாட்1 சைட்டோபிளாசத்தில் பரவலாகத் தெரியும், 30 நிமிடத்தில் நியூக்ளியஸில் குவியும். இந்த இடமாற்றம் தெரியாமல் முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஒளிர்ந்தால் அது பின்னணி. பாஸ்போ ஆன்டிபாடியில் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் மட்டும் தனியாக மின்னினால் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தக் கட்டத்தில் ஏராளமான புரதங்களில் பாஸ்பேட் ஏறியிருக்கும், பாஸ்போ ஆன்டிபாடிகள் அங்கே வழி தவறுவது சகஜம். மெத்தனால் படி இங்கேயும் உதவும்.

ஐபியில் (ஆன்டிபாடியால் புரதத்தை இழுத்தெடுக்கும் இம்யூனோபிரெசிபிடேஷன்) பாஸ்போ ஆன்டிபாடி ஒன்றையும் இழுக்கவில்லை

காரணம் ஃப்ளோவில் சொன்னதேதான், 701 ஒளிந்திருக்கிறது. மொத்த ஸ்டாட்1 ஆன்டிபாடியால் இழுத்து, பாஸ்போவால் பிளாட் செய்யுங்கள். பாஸ்போவால்தான் இழுக்க வேண்டுமென்றால் 1 சதவீத எஸ்டிஎஸ்ஸில் கொதிக்க வைத்து, 0.1 சதவீதத்துக்கு நீர்க்கச் செய்துவிட்டு இழுங்கள். ஸ்டாட்1-உடன் சேர்ந்திருந்த புரதங்கள் அதில் கழன்றுபோகும், அவற்றைத் தேடுபவர்களுக்கு இந்த வழி உதவாது.

போன குப்பி நன்றாக இருந்தது, புதுக் குப்பி சரியில்லை

பாலிகுளோனல் என்றால் இது நடக்கக்கூடியதே, வேறு விலங்கின் சீரம். மறுசேர்க்கை முறையில் தயாரித்த ஆன்டிபாடியில் வரிசை மாறாது என்பதால் முதலில் சேமிப்பையும் நீர்ப்பையும் பாருங்கள். மில்லிகிராம் செறிவு குப்பிக்குக் குப்பி மாறியிருக்கும், ஆயிரத்தில் ஒன்று என்ற பழைய கணக்கையே வைத்திருப்பீர்கள்.

பழைய குப்பி தீர்வதற்கு முன்பே புதியதை வரவழைத்து, மைனஸ் 80-இல் வைத்த அந்த நான்கு லேன் லைசேட்டை இரண்டு மெம்பிரேனில் போட்டு, ஒன்றில் பழையது, மற்றதில் புதியது. அதே எக்ஸ்போஷர். புதியதில் 500, 1000, 2000 என்று மூன்று நீர்ப்பு பாருங்கள். நான்காவது லேன் காலியாக இருக்கும் நீர்ப்பைத் தேர்ந்தெடுங்கள், பேண்ட் கொஞ்சம் மங்கலானாலும் பரவாயில்லை. லாட் எண், ஆர்ஆர்ஐடி எண் (ஆன்டிபாடிக்கான பொது அடையாள எண்), நீர்ப்பு மூன்றையும் அந்தப் படத்தின் பக்கத்திலேயே நோட்டில் ஒட்டிவிடுங்கள். ஆன்டிபாடி சரிபார்ப்புக்கென்று 2016-இல் சர்வதேசக் குழு ஒன்று ஐந்து வழிகளைப் பரிந்துரைத்தது. மரபணுவை நீக்கிப் பார்ப்பது, வேறு முறையால் அளந்து ஒப்பிடுவது, தனித்த இன்னொரு ஆன்டிபாடியோடு ஒப்பிடுவது, டேக் ஒட்டிய புரதத்தைப் பார்ப்பது, இழுத்ததை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பார்ப்பது. ஐந்தையும் ஒரே ஆய்வகம் செய்ய வேண்டியதில்லை. நான்காவது லேன் ஏற்கெனவே முதல் வழிதான். வேறு பகுதியைப் பிடிக்கும் இன்னொரு ஸ்டாட்1 ஆன்டிபாடியால் அதே லைசேட்டை ஒரு முறை ஓட்டிவிட்டால் மூன்றாவதும் கைக்கு வந்துவிடும்.